மூன்று மிதி

திரிங்காப்,
வியாழக்கிழமை, காலை மணி பத்து.

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு லோரிகளும் நலம். கூரை மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எட்டு முறை அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். எடுத்திருந்தால், இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு இன்னொரு சண்டையைத் தொடங்கியிருப்பேன். பேசிப் பதிந்து அனுப்பலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். திருப்பிக் கேட்டால் முட்டைக்கோஸ் விலை பேசுகிற குரல் மாதிரியே இருந்தது. அழித்துவிட்டேன். காகிதத்தில் என்னால் கத்த முடியாது, அதனால் காகிதம்.

நம் லோரி டிரைவர் தர்மேந்திரன் இன்று பிற்பகல் உன் ஊர் புக்கிட் மெர்தாஜாம் காய்கறிப் பசாருக்குச் சரக்கு ஏற்றிப் போகிறான். காய்கறியை இறக்குவதற்கு முன்பு உன் வாசலுக்குப் போய் இதை உன் கையில் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அந்தச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி உன் மேலாளர் கெடு வைத்திருக்கிறார் என்றாயே, அதற்கு முன் இது உன்னிடம் வந்துசேர வேண்டும்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். அன்றைக்குப் பாதி கேட்டேன், மீதி நேரம் பதில் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் சோலார் பேனல் பேக்டரி குடும்ப நாளுக்கு என்னைக் கூட்டிப் போனாய். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாய். அந்த நீலக் கட்டத்துக்குச் செல் என்று பேர். அப்பளத்தைவிட மெல்லிசு, கையால் எடுத்தால் நொறுங்கும் என்று மெஷின்தான் உறிஞ்சித் தூக்குகிறது. செல்லோடு செல்லைக் கம்பி வைத்துப் பற்றவைத்து மாலை மாதிரி ஆக்குகிறீர்கள். கண்ணாடி, அதன்மேல் பசைத் தாள், அதன்மேல் செல் மாலைகள், மறுபடி பசைத் தாள், முதுகுக்கு ஒரு தாள். எல்லாவற்றையும் சூட்டு மெஷினுக்குள் தள்ளிக் காற்றை உறிஞ்சி அழுத்தினால் ஒரே பலகையாக வெளியே வருகிறது. அப்புறம் அலுமினியச் சட்டம், பின்னால் ஒயர்ப் பெட்டி. சரக்கு தயார் என்று நான் நினைத்தேன். "இனிமேதாம்மா என் வேலை" என்று நீ சொன்னாய்.

ஒரு இருட்டுப் பெட்டிக்குள் பளிச்சென்று ஒரு மின்னல் அடித்து எவ்வளவு கரண்ட் வருகிறது என்று அளந்தாய். ஆலங்கட்டி மழையைத் தாங்குமா என்று பார்க்க ஐஸ் உருண்டையைத் துப்பாக்கியில் வைத்துச் சுடுகிற மெஷினைக் காட்டினாய். அலமாரி போல ஒன்று, அதற்குள் பேனலை வைத்து வெந்நீர்ச் சூட்டுக்கும் உறைகிற குளிருக்கும் மாற்றி மாற்றி இருநூறு தடவை அலைக்கழிக்கிறீர்கள். இவ்வளவு கஷ்டம் கொடுத்தால் நல்ல சரக்கும் கெட்டுப் போகுமே என்று நான் கேட்டேன். கெடுகிற சரக்கு இங்கேயே கெட்டுவிட்டால் கூரையில் கெடாது என்றாய். எனக்கு அது வீண் செலவாகப் பட்டது. வாயில் சொல்லவில்லை, ஆனால் பட்டது.

இப்போது உன் பிரச்சினை. ஒரே தடவையில் செய்த சரக்கை லாட் என்கிறீர்கள், அப்படி ஒரு லாட்டில் பத்து பேனலை எடுத்து அந்த அலமாரியில் வைத்தாய். வெளியே வந்தபோது இரண்டில் உள்விரிசல். மின்னல் அடித்துப் பார்த்தால் கரண்ட் இன்னும் சரியாகத்தான் வருகிறது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, கேமரா படத்தில் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. உன் மேலாளர் அந்த இரண்டை ஓரமாக வைத்துவிட்டு, வேறு இரண்டை எடுத்துப் படம் பிடித்துத் தேறியது என்று எழுதச் சொல்கிறார். சரக்கு கப்பலுக்குப் போகவேண்டும். கையெழுத்து உன்னுடையது.

அதற்கு நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. கூடை அடியில் நாலு தக்காளி நசுங்கியிருந்தால் முழுக் கூடையையும் காட்டில் கொட்டுவார்களா, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போ, வேலைதான் முக்கியம் என்றேன்.  நீ "அப்ப என் கையெழுத்துக்கு என்னம்மா வேல?" என்று கேட்டாய். மாசச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை என்று சொன்னேன். நீ வைத்துவிட்டாய்.

இனி நம் கூரைக் கதை. இதில் உனக்குத் தெரியாதது இருக்கிறது.

காய்கறியைக் குளிரில் வைக்கிற நம் கோல்ட் ரூம் கூரையில் நாற்பது பேனல் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நீயே சோதித்த லாட்டிலிருந்து ஈப்போ ஏஜெண்டுக்கு வந்த சரக்கு அது. முதல் நாலு மாதம் கரண்ட் பில் இறங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இப்போது பேனலில் வருகிற கரண்ட் வீட்டு விளக்கில் பாதிக்குக்கூடக் காணாது என்கிற மாதிரி ஆகிவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது கூரையில் ஏறிப் பார்த்தாய். இறங்கி வந்து, "லோரில கொண்டாந்தப்ப யாராச்சும் மேல ஏறினாங்களாம்மா?" என்று கேட்டாய். யாரும் ஏறவில்லை என்றேன்.

யுவா, ஏறினார்கள்.

ஈப்போவில் பேனல்களைப் பலகைச் சட்டத்தில் நெட்டுக்குத்தாக நிற்கவைத்துக் கட்டியிருந்தார்கள். அப்படியே ஏற்றினால் லோரியில் பாதி இடம் வீண். திரும்பி வருகிற லோரியில் காலிக் கூடை முந்நூறு கொண்டு வரவேண்டியிருந்தது. வாடகை லோரி பேசினால் அது தனிச் செலவு. கட்டைப் பிரிக்கச் சொன்னேன். பேனல்களைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கூடைகளை ஏற்றி வரச்சொன்னேன். சிம்பாங் பூலாய் மலை ரோட்டு வளைவெல்லாம் அப்படித்தான் ஏறி வந்தது, நானும் முன்சீட்டில் இருந்தேன். கம்போங் ராஜாவில் கூடைகளை இறக்கியாயிற்று. அங்கே மழை பிடித்துக்கொண்டது. கித்தான் போட்டுக் கட்டவேண்டும்.

என் லோரியில் கடைசிக் கித்தானை யார் கட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். கியா பார்ம் ரோட்டோரக் கடையிலிருந்து ஒற்றை வேன் வாங்கிய நாளிலிருந்து அது என் வழக்கம். சரக்கு மேல் ஏறி நடப்பேன், நடுவில் நின்று மூன்று மிதி மிதிப்பேன். கூடை கீச்சென்று கத்தவில்லை என்றால் கோலாலம்பூர் வரைக்கும் ஆடாமல் போகும். இத்தனை வருஷத்தில் என் மிதியில் தேறிய சரக்கு வழியில் சரிந்ததில்லை. அன்றைக்கும் ஏறினேன். நடந்தேன். மிதித்தேன். கண்ணாடி உடையவில்லை. உங்கள் பேக்டரிச் சரக்கு பலமானது என்று தர்மேந்திரனிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அவன் மட்டும், "பெரியம்மா, இது கோஸ் இல்லலா" என்றான். கித்தானை இழுத்துக் கட்டு என்று அதட்டினேன்.

பிற்பகல் மணி ஒன்று. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கை கொஞ்சம் ரசம் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த கோபத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? திங்கட்கிழமை காலையில் ஈப்போ ஏஜெண்டைக் கூப்பிட்டு, பேனல் எல்லாம் சொத்தை, காரண்டியில் நாற்பதையும் மாற்றிக் கொடு என்று ஒரு பிடி பிடித்தேன். அவர்கள் செவ்வாய்க்கிழமை ஒரு பையனை அனுப்பினார்கள். மகேன் என்று பேர், உன் வயசு இருக்கும், உன்னைப் போலவே சாப்பிடாமல் வேலை செய்கிற ஜாதி. உள்விரிசல் பார்க்கிற கேமரா கொண்டு வந்திருந்தான். வெளிச்சத்தில் படம் விழாது, பொழுது சாய்ந்தபின் வருகிறேன் என்றான். பொழுது சாயும் நேரம் எனக்கு லோரி ஏற்றுகிற நேரம். இருட்டுதானே வேண்டும், வா என்று கோல்ட் ரூமைத் திறந்துவிட்டேன். புதன்கிழமைச் சரக்குக்காக உள்ளே காலியாகத்தான் இருந்தது. ஜன்னல் இல்லை, கதவு விளிம்பெல்லாம் ரப்பர். விளக்கை அணைத்ததும் நட்ட நடுப்பகலில் என் மூக்கு எனக்கே தெரியவில்லை. "இந்த மாதிரி இருட்டு எங்க கடையிலகூட இல்ல ஆன்ட்டி" என்றான் மகேன். இருபது வருஷமாக அந்த அறையில் குளிரை மட்டும்தான் நான் விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலு பேனலைக் கழற்றி உள்ளே கொண்டு போனோம். குடும்ப நாளில் நீ சொன்னதையே அவனும் சொன்னான். வெயில் கொடுத்தால் பேனல் கரண்ட் தரும், திருப்பிக் கரண்ட் கொடுத்தால் அது லேசாக ஒளிரும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். தர்மேந்திரன் பக்கத்தில் நின்றான். படம் வந்தது.

முதல் மூன்றில் நெடுக நெடுகக் கீறல். படுக்கப்போட்டு மேலே பாரம் வைத்து ஆட்டிக் கொண்டுவந்த கீறல் என்றான் மகேன். வந்த அன்றைக்கு இது முடி மாதிரி இருந்திருக்கும், இங்கே பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து விரிந்துவிட்டது என்றான். உன் அலமாரி இருநூறு தடவை செய்வதை நம் கூரை சும்மா இருந்தபடியே செய்திருக்கிறது.

நாலாவது பேனல்தான் அடுக்கின் மேலே இருந்தது. அதில் கீறல் வேறு மாதிரி. ஓர் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றிச் சிலந்திவலை. ஒரு அடி தள்ளி இன்னொன்று. அப்படியே நடு வரைக்கும்.

"யாரோ மேல நடந்திருக்காங்க ஆன்ட்டி" என்றான் மகேன்.

பூனையாக இருக்கும் என்றேன்.

"பூனைக்கு நாலு கால்லா ஆன்ட்டி. இது ரெண்டு. அதுலயும் பாருங்க, எடது கால் நல்லா பதிஞ்சிருக்கு, வலது கால் பட்டும் படாம இருக்கு. நடுவுல நாலு கட்டம் செத்தே போச்சு, அங்க நின்னு மிதிச்சிருக்காங்க."

கோஸ் பெட்டி விழுந்து என் வலது கால் நொறுங்கியது நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது. அன்றிலிருந்து நான் எப்படி நடக்கிறேன் என்று திரிங்காப்பில் யாரைக் கேட்டாலும் நடந்து காட்டுவார்கள். தர்மேந்திரன் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். அந்த இருட்டில் கூரை எங்கே தெரிகிறது.

மகேன் ஒன்றும் அறியாத பிள்ளை. பேனல் நம்பரை அடித்து, பேக்டரியிலிருந்து கிளம்பிய அன்று எடுத்த படத்தையும் சோதனைத் தாளையும் திரையில் காட்டினான். அதே பேனல்தான். ஒரு கீறல் இல்லை, பௌர்ணமி மாதிரி முழுசாக ஒளிர்ந்தது. தாளின் அடியில் சோதித்தவர் பேர் இருந்தது. யுவனேஸ்வரி சிவசாமி. பக்கத்தில் உன் கையெழுத்து, அந்தக் கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்துவிடுவாயே, அதே இழுப்பு.

மகேன் நல்ல மனசுக்காரன். வெளியே வந்து வெயிலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டான். "ஆன்ட்டி, நடந்த விஷயத்த எழுதுனா காரண்டி கெடைக்காது. காரணம் தெரியலன்னு போட்டா ஒருவேள பேக்டரிய குத்தம் சொல்லி புதுசு வாங்கிடலாம். என்ன எழுதட்டும்?"

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. அரை நிமிஷம் யோசித்தேன். நாற்பது புதுப் பேனல், சும்மா. நான் வியாபாரி. ஆனால் பேக்டரி என்றால் யார்? அந்தத் தாளின் அடியில் வால் இழுத்த கையெழுத்துதான் பேக்டரி. அதற்கு என்ன வேலை என்று நீ கேட்டதற்கு எனக்கு அப்போதுதான் பதில் வந்தது. யாரோ முகம் தெரியாத ஒருத்தி, கடன் வாங்கியோ நகை வைத்தோ பேனலைக் கூரையில் ஏற்றுகிறாள். அவளிடம் கேமரா கிடையாது, இருட்டும் கிடையாது. அவளுக்கு இருப்பது அந்த வால் ஒன்றுதான்.

"நடந்ததுன்னு எழுது" என்றேன்.

"யார் நடந்தாங்கன்னு கேப்பாங்க."

"லோரி மொதலாளி, தவுக்கேன்னு எழுது. பேரு பாஞ்சாலை."

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தான். அப்புறம் சட்டென்று முகத்தைப் பார்த்தான். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பில் ஏறின நாளிலிருந்து ஜப்பார் பாய் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, என் மகள் வேலை செய்கிற இடத்துச் சரக்கே இந்த லட்சணம் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது அவரே உன்னிடம், "ஒங்க கம்பேனி சாமான் சரியில்லையாமே தங்கச்சி" என்று கேட்டாராம். நீ ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குத் திரும்பிப் போய் அந்த நாற்பது பேனல் சோதனையையும் திருப்பிப் பார்த்து, படங்களை எனக்கு அனுப்பியிருந்தாய். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் திறந்தேன். நாற்பதும் பௌர்ணமி.

இன்று காலை கடை நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். என் மகள் சரக்கு நல்ல சரக்கு, மிதித்துக் கெடுத்தது நான் என்று நின்றபடியே சொன்னேன். ஜப்பார் பாய் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அப்ப ஒரு வருசமா நாங்க கேட்டது பொய்யா பாஞ்சாலைக்கா?" என்றார். பொய்யில்லை, ஆள் மாறிப் போச்சு என்றேன். பின்னால் எவனோ, "இனிமே பெரியம்மாவ லோரில ஏத்தாதீங்கலா" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வந்து கொஞ்ச நேரம் கோல்ட் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழவில்லை. அங்கே அழுதால் கண் எரியும்.

உன் அப்பாவைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். போட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னதும் எழுந்து பின்பக்கம் போய்க் கோஸுக்கு மேல் இலை உரிக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பார்த்தபோது நல்ல இலை வரைக்கும் உரித்துத் தள்ளியிருந்தார். ஒவ்வொரு கோஸும் பந்து மாதிரி ஆகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் அவர் எடைக் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணிக்கு உதவியாக இருந்தது உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தி மூட்டையிலும் இரண்டு கிலோ குறைத்து எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றார், ஒரு வாரத்தில் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தோம். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் வெங்காயத்தாள் விற்க உட்கார்ந்தேன். இந்தக் கதையை உனக்கு நான் எப்போதும் எப்படிச் சொல்லியிருக்கிறேன்? உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்றுதான். உன்னிடமும் அதையேதான் அன்றைக்குச் சொன்னேன், தக்காளிக் கூடையைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டு. எனக்குப் பயம், யுவா. ரோட்டோரத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும். நீ அங்கே உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் சம்பாதித்தேன்.

செவ்வாய்க்கிழமை மகேன் போனபிறகு அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒன் நடதான்" என்றார். பிறகு அந்த முப்பது வருஷப் பழசைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல. "அத விடு. புள்ளைக்கு எழுது" என்றார். இன்னொன்றும் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடல, நல்லாத்தான் இருக்கேன்னு எழுது."

லோரியில் தக்காளி ஏற ஆரம்பித்துவிட்டது, சுருக்கமாக முடிக்கிறேன். நாளைக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. சண்டை போடாதே, அழாதே, பெரிய பேச்சு எதுவும் பேசாதே. பத்தில் இரண்டு தேறவில்லை என்று ஒரே வரி எழுதி, நம்பரையும் படத்தையும் சேர்த்துக் கொடு. ஒரு நகல் உன்னிடம் வைத்துக்கொள். அவர்கள் வைத்துக்கொண்டால் இரு. வேலையை விட்டு அனுப்பினால் வந்துவிடு. பாவம் பார்த்து உன்னைக் கூப்பிடவில்லை. திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் கூரையில் பேனல் போட்டவர்கள் எத்தனை பேர், எல்லாரும் என்னைப் போல லோரியில் கொண்டுவந்தவர்கள், ஒருத்தரும் உள்ளே பார்த்ததில்லை. என்னிடம் முதல் தர இருட்டு இருக்கிறது. கேமரா உன்னால் வாங்க முடியும். மீதியை வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

தர்மேந்திரன் கையில் ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன். ஸ்ட்ராபெரி மேலே இருக்கிறது, கீழே அப்பா உரித்த கோஸ். இன்றைக்குக் கித்தானை அவனே கட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான்.

கடிதத்தோடு அந்த நாலாவது பேனல் படத்தை வைத்திருக்கிறேன். உன் மேலாளர், கரண்ட் சரியாக வருகிறதே, படத்தில் தெரிகிற கீறல் கூரையில் என்ன செய்துவிடும் என்று கேட்டால் இதைக் காட்டு. யார் கால் என்று கேட்டால் என் அம்மா கால் என்று சொல், வெட்கப்படாதே. ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்த் தலையோடு நீ விழுந்து எழுவாயே, அதே கால்தான். வலது கொஞ்சம் லேசாக, இடது அழுத்தமாக.

இந்தத் தடவை நீ குனிய வேண்டாம், அதுவே உன்னிடம் வருகிறது. நல்லா இரு, மகளே.

உன் அம்மா,
பாஞ்சாலை.